ஆள் நிற்காத படம்

மலையின் மூடுபனி, மஞ்சு, மறுபடியும் இறங்கிவிட்டது.

எதிர்ச்சரிவு போயிற்று. சரிவின் நடுவில் நின்ற ஒற்றைப் பலாமரமும் போயிற்று. ஸ்டாண்டின் மேல் இருந்த பெட்டிக் கேமராவும் நானும் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காலையிலிருந்து இதே பாடு. மஞ்சு விலகினால் வெயில் இல்லை. வெயில் வந்தால் காற்று. மரம் நிற்காமல் ஆடுகிறது. எல்லாம் ஒத்துவந்த ஒரே தடவை, எஸ்டேட் பசு ஒன்று கேமராவுக்கு முன்னால் வந்து பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. விரட்டினேன். திரும்பிப் பார்த்து அசைபோட்டது.

ஸ்டாண்டின் ஒரு கால் சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டைக் கல்லைப் பெயர்த்து அடியில் வைத்தேன். கல் இருந்த இடத்திலிருந்து ஓர் அட்டை என் காலில் ஏறியது.

லென்ஸ் துடைக்கக் கொண்டுவந்த கைக்குட்டை நனைந்துவிட்டது. சட்டையின் உள்பக்கத்தால் துடைத்தேன். முன்பைவிட மங்கியது.

இன்றைக்கு விட்டால் கிடையாது. நாளை இந்தச் சரிவு முழுக்க ஏலக்காய் நாற்று நடுகிறார்கள். ஏலம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் தரையே தெரியாது. கேமராவும் என்னுடையதல்ல; கம்பத்து நண்பன் இரவல் கொடுத்தது. மத்தியானம் லாரி கீழே போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

கீழே எருத்தேன்பதி ஊரிலிருக்கும் அத்தை இந்த இடத்தைப் பார்க்கக் கேட்டிருந்தார். மலை ஏற அவருக்கு மூச்சு பத்தாது. முன்பு ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டு போனேன். படம் முழுக்க வெள்ளை. அத்தை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது மேகமுங்களா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை மேகம் கொண்டுபோக முடியாது.

மஞ்சு கிழிந்தது. மரம் வந்தது. மரத்தடிப் புல் வந்தது. அதன் மேல் வெயிலும் விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையைத் தட்டினேன்.

அதே நொடியில் புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

குருவம்மாள். நடவு வேலைக்காகத் தென்காசிப் பக்கமிருந்து புதிதாக வந்தவர்களில் ஒருத்தி. நாற்றுக் கூடையை இறக்கி வைக்கக் குனிந்திருக்கிறாள்.

"தள்ளிப் போம்மா!" என்று கத்தினேன்.

அவள் கேமராவைப் பார்த்தாள். தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்தாள். முந்தானையால் முகம் துடைத்தாள். ஓர் அடி மட்டும் தள்ளி, கைகளைத் தொங்கவிட்டு, விறைத்து நின்றாள்.

"இங்ஙனயா சார்?"

"அந்த எடத்துல நிக்காதே! வெளிய வா!"

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

கூடையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் ஏறி வந்தாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்காக இரக்கப்பட்டவள் மாதிரி இருந்தாள்.

"ஆளு நிக்காம ஒரு படமா? வெறுங்காட்ட எடுத்து என்ன சார் செய்யப் போறீய?"

மஞ்சு மூடிக்கொண்டது.

"இப்ப என்னத்துக்குக் காத்திருக்கீய?"

"காத்துக்கு."

"காத்துக்கா காத்திருக்கீய!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையெல்லாம் திட்டிய அதே காற்றுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். படித்தவன் ஒருவன் இதைவிட மடத்தனமாக ஒரு பகலைக் கழிக்க முடியாது.

காற்று வந்தது. மஞ்சு விலகியது. மரம், புல், வெயில். யாரும் இல்லை. பசுகூட இல்லை.

தட்டினேன்.

அப்பாடா என்று ஃபிலிம் சுற்றக் குனிந்தபோதுதான் கேமராவின் முதுகில் எத்தனையாவது படம் என்று காட்டும் சிவப்பு ஜன்னலைப் பார்த்தேன். எண் ஏழு. குருவம்மாள் எழுந்து நின்றபோதும் அதே ஏழுதான்.

கத்திய கோபத்தில் ஃபிலிமைச் சுற்றவே இல்லை. இரண்டு தடவை தட்டியதும் ஒரே படத்தின் மேல்.

ஸ்டாண்டை ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

"என்ன சார், கெட்டுப்போச்சா?"

"ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடுச்சு. நீ நிக்கறது புகையாட்டம் தெரியும். உனக்குப் பின்னால இருக்கற புல்லு உம்மேலயே தெரியும். முகம் தெரியாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மொகம் தெரியாட்டி என்ன சார்? பலாவடியில ஒரு பொம்பள நிக்கான்னு தெரியுமில்ல?"

நான் மரத்தைப் பார்த்தேன்.

இரண்டு மழைக்காலத்தில் மரத்தடி மண்மேடு தணிந்து, புல்லோடு புல்லாகிவிட்டது. தெரியாத ஆளுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

அத்தை என்னிடம் கேட்டது இதுதான்: "மயிலாத்தாளைப் படுக்க வெச்ச எடத்தையாச்சும் கண்ணுல காட்டுங்க மாப்பிள்ளை."

மயிலாத்தாளின் படம் எங்கள் யாரிடமும் இல்லை. எங்கள் கல்யாணத்தன்று எடுக்க வருவதாக இருந்த ஆள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

சரிவு இன்னும் தெளிவாகவே இருந்தது. காற்று நின்றிருந்தது. புல்லின் மேல் வெயில் அசையாமல் கிடந்தது. காலையிலிருந்து நான் கேட்டது இந்த ஒரு நிமிஷத்தைத்தான். சுருளில் இன்னும் ஒரு படம் பாக்கி இருந்தது.

"சுத்திட்டு வெறுங்காட்ட எடுங்க சார். நான் குறுக்க வரல."

ஃபிலிமைச் சுற்றினேன். எட்டு வந்தது. அதில் எதையும் எடுக்காமல் கடைசிவரை சுற்றினேன்.

"ஏன் சார்?"

"இனிப் பொறுமை இல்ல" என்று ஸ்டாண்டை மடக்கினேன்.