கண்ணாடி தைத்த துணி

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மஞ்சரி காப்பிக்குக் கூப்பிட்டிருந்தாள். கணவர் சபாபதியோடு அந்தக் கூடத்தில் கால் வைத்ததுமே தில்லைநாயகிக்கு வயிறு எரிந்தது. அதே அளவு கூடம்தான் அவளுக்கும்; அவள் வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. இங்கே சோபாவில் மொராக்கோ விரிப்பு மாதிரி ஒன்று, ஜன்னலில் மெக்ஸிகோ திரை மாதிரி ஒன்று, சுவரை அடைத்துக்கொண்டு கண்ணாடிச் சில்லுகள் தைத்த கத்தரிப்பூ நிறத் துணி.

"எல்லாம் வெளிநாடா?"

"ஐயோ, இல்லக்கா. பழைய துணிக்குப் பாத்திரம் போடறவர் வருவாரே, அவர் மூட்டையில பொறுக்கினது. நானே தச்சேன்."

தில்லைநாயகி சுவரருகே போனாள். ஓரத்தில் ஒரு கண்ணாடிக்கு அடியிலிருந்து இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு எட்டிப் பார்த்தது. போன தை மாசம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக அதே பாத்திரக்காரரிடம் தில்லைநாயகி போட்ட சேலை. சொல்ல வாயெடுப்பதற்குள் சபாபதி அதைத் தடவ ஆரம்பித்திருந்தார். அவள் அதைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றபோதெல்லாம் பேப்பரிலிருந்து தலை நிமிராதவர்.

"என்ன கலரும்மா இது! கண்ணை எடுக்க முடியல."

மஞ்சரிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. துணியைக் கழற்றி, "அக்கா, சும்மா போட்டுப் பாருங்க" என்று தில்லைநாயகியின் தோளில் போட்டாள். சபாபதி ஒருமுறை பார்த்தார்.

"இவளுக்கு இந்தக் கலரெல்லாம் எடுக்காதும்மா. செவுத்துலயே மாட்டிடு."

மஞ்சரி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். தில்லைநாயகியின் விரல்கள் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தன.