மருமகளின் முகமூடி

ஆபீஸ் வேலை முடிந்த பிறகும் மருமகள் அந்தக் கறுப்பு முகமூடியைக் கழற்றவில்லை.

ஹெட்செட் என்று பெயராம். பகலெல்லாம் அறைக்குள் அதை மாட்டிக்கொண்டு, காற்றில் விரலைச் சொடுக்கிச் சொடுக்கி வேலை பார்ப்பாள். கண்ணெதிரே பெரிய பெரிய திரையாக விரியுமாம், கவனம் சிதறாதாம். சரி, சம்பளம் வருகிறது. சாயந்தரம் எதற்கு? அதுவும் ஹாலுக்கு வந்து, நட்ட நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு?

மாமனார் கேட்டே விட்டார்.

"சினிமா பாக்கறேன் மாமா. இதை மாட்டிட்டா நீங்க இருக்கறதே எனக்குத் தெரியாது" என்றாள்.

மாமியாருக்கு வயிறு எரிந்தது. பக்கவாதம் வந்து மூலையில் கிடக்கிற மனுஷனை ஏனென்று கேட்க நாதியில்லை என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மாமனாருக்கோ உள்ளூர நிம்மதி. பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டராக இருந்தவர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் 'லெஃப்ட், ரைட்' என்று நடக்க வைத்தவருக்கு இப்போது சொந்த இடது கால் சொன்ன பேச்சு கேட்கவில்லை. நடந்து பழகாவிட்டால் கால் அப்படியே போய்விடும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். ஆனால் காலை இழுத்து இழுத்து நடப்பதை இன்னொருத்தர் பார்ப்பதா? பயிற்சி கொடுக்க வந்தவரை விரட்டிவிட்டார். பெண்டாட்டி எதிரில்கூட எழுந்து நிற்க மாட்டார்.

கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன வெட்கம்? மனைவி கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

ஒன்றுதான் புரியவில்லை. நேற்று காலில் இடறிய மிதியடியை இன்று காணோம். ஒருதரம் தள்ளாடினபோது, படத்தில் மூழ்கியிருந்தவள் சோம்பல் முறிப்பதுபோல எழுந்தாள். அவள் தோள் கனகச்சிதமாக இவர் கைக்குச் சிக்கியது.

"யாரு, மாமாவா?" என்றாள்.

தற்செயலா? அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். பிடித்து வைத்த பொம்மை மாதிரி இருந்தாள். மண்டையைச் சொறிந்துகொண்டு மறுபடி நடந்தார்.

அன்றைக்கு முதல்முறையாகச் சுவரை விட்டுவிட்டு நடுஹாலுக்கே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்தா கதவு திறக்க வேண்டும்?

மாமியார் பையை அப்படியே போட்டாள்.

"மனுஷன் விழுந்து தொலைக்கப் போறாரு, நீ கண்ணைக் கட்டிக்கிட்டுப் படமா பாக்கறே? அப்படி என்னடி கொட்டிக் கிடக்கு இதுக்குள்ள?"

மருமகள் தடுப்பதற்குள் முகமூடியைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது.

"என்னங்க இது... படம் கிடம் ஒண்ணையும் காணோமே. நம்ம ஹாலும், நடுவுல நீங்க நிக்கறதும்தான் பளிச்சுனு தெரியுது."