டாக்கியோன் என்று ஒன்று இல்லை

“ஒளிய விட வேகமாப் போற துகள் எண்டு ஒண்டும் இல்ல” என்று றிஸ்லான் அடித்துச் சொன்னான். “டாக்கியோன் எண்டு சும்மா பேர் மட்டும் வெச்சிரிக்காங்க. அப்பிடி ஒண்டு இருந்தா, கேள்வி போக முதலே மறுமொழி வந்து சேந்திரும். நடக்கிற காரியமா நிஸ்றா?”

“நடக்கும்” என்றாள் அவள், சிரிக்காமல்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்தே இருவரும் இப்படித்தான் வாதாடுகிறார்கள். பிரபஞ்சத்திலுள்ள சந்தேகம் எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுவிட்டான். ‘என்னைக் கட்டிக்கொள்வாயா’ என்பதை மட்டும் கேட்க நா எழவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, இன்று கேட்டே தீர்வது என்று காத்தான்குடியிலுள்ள அவள் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அதே வளவில், பழைய வீட்டை ஒட்டி, புது வீடொன்று கூரை மட்டத்துக்கு எழும்பி நின்றது.

பெண்ணுக்கு வீடு கட்டி மாப்பிள்ளையைக் குடிவைக்கிற ஊர் அது. வீடு இவ்வளவு உயரம் வந்துவிட்டால், எவனோ ஒருவன் முடிவாகிவிட்டான்.

நிஸ்றாவின் வாப்பா உசனார் இரண்டு கைகளிலும் டைல்ஸோடு வந்தார்.

“வாங்க மகன். குசினி அடுப்படிச் சுவருக்கு இது நல்லமா, அது நல்லமா?”

றிஸ்லான் டைல்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. “அத மாப்பிளக்கிட்டக் கேளுங்க மாமா.”

“அவரிட்டத்தானே கேக்கன்.”

“நா... நான் இன்னும் நிஸ்றாட்ட ஒண்டும் கேக்கவே இல்லியே!”

“ஓம், மகள் சொன்னா. நீங்க வாயத் தொறக்கும் வரைக்கும் பாத்துட்டிருந்தா, மாரி மழைக்கு முதல் கூரை போட ஏலுமா மகன்?”