அண்ணாமலை வீட்டுக் கட்டுத்தரை

"ஏனுங்க டாக்டர், காரவள்ளி அண்ணாமலை ஊட்டுக் கட்டுத்தரை எப்படீங்க?"

செம்மேட்டு மாட்டு ஆஸ்பத்திரியில் அப்புசாமி இப்படிக் கேட்டபோது டாக்டர் நவநீதகிருஷ்ணனின் வலது கை, தோள்வரை அப்புசாமியின் பசுவுக்குள் இருந்தது. சினை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசச் சினைங்க. நல்லா இருக்கு" என்று கையை உருவி, நீளமான பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். "கட்டுத்தரையை எதுக்குக் கேக்கறீங்க?"

"எல்லாம் நல்ல காரியத்துக்குத்தானுங்க."



மலைமேல் செம்மேட்டிலும் சரி, அடிவாரத்துக் காரவள்ளியிலும் சரி, இந்தக் கேள்விக்கு ஒரே காரணம்தான் இருக்கும். பெண் கொடுப்பதற்கு முன், மாப்பிள்ளை வீட்டில் மாடு கட்டும் இடம் எப்படி என்று மாட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் வாசலைக் கழுவி வைப்பார்கள். டாக்டர் வருகிறார் என்று யாரும் மாட்டைக் கொஞ்சிக்கொண்டு நிற்பதில்லை. அடிக்கிறவன், பட்டினி போடுகிறவன், பாலை ஒட்டக் கறந்துவிட்டுக் கன்றை அலற விடுகிறவன் எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பமாட்டார்கள்.

மேலே செம்மேட்டு ஆஸ்பத்திரி, கீழே அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கும் கூடுதல் பொறுப்பு என்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிய ஆறு வருடத்தில், அவர் வாயால் நின்றுபோன கல்யாணம் மூன்று, நடந்தது பதினொன்று. பதினொன்றிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதருக்கு, முப்பத்து நான்கு வயதாகியும் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச மட்டும் வாய் வரவில்லை.

பேச வேண்டிய ஆள் ஒன்றும் தூரத்தில் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்புசாமியின் தீவனக் கடை. அங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மகள் கௌசிகாதான். சொந்தமாக ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லாத டாக்டர், வாரா வாரம் இரண்டு கிலோ கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போவார். முரட்டுக் காளையின் வாயைப் பிளந்து மாத்திரை போடுகிறவருக்கு, அந்தப் பெண்ணிடம் "சௌக்கியமா?" என்று கேட்கத் தைரியம் கிடையாது. இந்த விஷயம் கால்நடை ஆய்வாளர் தெரசா அம்மாவுக்குத் தெரியும். ஏனென்றால் அத்தனை புண்ணாக்கையும் தின்பது அவர் வீட்டு மாடு.

"யாருக்குங்க மாப்பிள்ளை பாக்கறீங்க?" என்று பக்கத்தில் நின்ற தெரசா அம்மாதான் கேட்டார்.

"நம்ம கௌசிகாவுக்குத்தானுங்கம்மா. அண்ணாமலை பையன் தரணிதரனைச் சொல்றாங்க. டாக்டர் 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டார்னா நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திரலாம்."

தெரசா அம்மா பலமாக இருமினார். டாக்டரைப் பார்த்து இன்னொரு தடவை இருமினார்.

ஒரே வார்த்தை. 'அவ்வளவு சரியில்லைங்க' என்றால் போதும். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. கௌசிகா அந்தக் கல்லாவிலேயே இருப்பாள். டாக்டருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கொஞ்சம்... கொசுத் தொல்லைங்க" என்றார்.

"கொசு எந்த ஊட்டுல இல்லீங்க?"

"அது வந்து... அங்க கொஞ்சம் ஜாஸ்தி..." அதற்குமேல் பொய் நகரவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. "இல்லீங்க, நான் சொன்னது தப்பு. அந்தப் பையன் மாட்டுக்கே கொசுவலை கட்டி வச்சிருக்கான்."

தெரசா அம்மா மருந்து அலமாரியைப் படாரென்று சாத்தினார்.

"மாட்டை அடிக்கறது கிடிக்கறது?"

"ஒரு தழும்பு கிடையாதுங்க. கன்னு வயிறு நெறஞ்சாத்தான் கறக்கச் செம்பை எடுப்பாங்க. போன மழைக்காலத்துல ஒரு கிழட்டு மாடு படுத்துருச்சு. பிழைக்காதுன்னு நானே சொல்லிட்டேன். அப்பவும் மூணு நாள் பக்கத்துலயே உக்காந்து கஞ்சி ஊத்தினான்."

"பிழைச்சுதுங்களா?"

"இல்லீங்க. அழுதுட்டான்."

 "அப்பக் கண்ணை மூடிட்டுக் குடுக்கலாமுங்களா?" என்றார் அப்புசாமி.

டாக்டர் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். 

"குடுங்க. உங்க பொண்ணை நல்லா வச்சுக்குவான்."

"சாமர்த்தியத்துக்குன்னு ஒரு ஊசி வந்தா, முதல்ல உங்களுக்குத்தான் சார் போடணும்" என்று தெரசா அம்மா அவர் காதருகே பல்லைக் கடித்தார்.

அப்புசாமி மாட்டை அவிழ்த்தார். ஆனால் கிளம்பவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு டாக்டரையே பார்த்து நின்றார்.

"தரணிதரனுக்கு எங்கக்கா பொண்ணைப் பேசி முடிச்சு எட்டு நாளாச்சுங்க" என்றார். "அந்தக் கட்டுத்தரையையும் நானே நேர்ல போய்ப் பாத்துட்டேன்."

டாக்டர் திறந்த குழாயை மூட மறந்தார். "அப்புறம் எதுக்குங்க என்கிட்ட வந்து கேட்டீங்க?"

"எம்புள்ள ஒரு மாசமா, கட்டினா உங்களைத்தான் கட்டுவேன்னு நிக்குது. நீங்க வாரா வாரம் புண்ணாக்கு வாங்கறது எதுக்குன்னும் எங்களுக்குத் தெரியுமுங்க. உங்களுக்குத்தான் கட்டுத்தரையே இல்லீங்களே, மாப்பிள்ளை, நான் வேற எதைங்க பாக்கறது?"