தேனில் ஊறிய இலை

"உங்களால வீடே நாறுது!" என்று கத்தினாள் மனைவி.

கணவன் அசரவில்லை. நிழலில் உலர்த்திய புகையிலையில் தேனையும் கிராம்புத் தூளையும் பிசறி, ஜாடிக்குள் அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஒரு ராத்திரி ஊறட்டும். அமிர்தமா இருக்கும்."

"வெட்கமா இல்ல? அம்மா, நீயாவது உன் மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லேன்!"

சோபாவில் இருந்த மாமியார் வாயைத் திறக்காமல், "ம்ம்..." என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"பாருங்க, நம்மகூட வந்து இருக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எங்கம்மாவுக்குப் பேச்சே குறைஞ்சுபோச்சு. எல்லாம் உங்க லட்சணத்தைப் பார்த்துதான்!"

அவன் குளிக்கப் போனதும், பாகற்காயை அரைத்துப் பிழிந்து, சாறு முழுவதையும் ஜாடியில் ஊற்றிக் கிளறினாள். மனுஷன் இனி ஜென்மத்துக்கும் புகையிலையைத் தொட மாட்டார்!

மறுநாள் காலை அவன் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஜாடியைத் திறந்தீங்களா?"

"அப்பவே திறந்தாச்சே."

முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது மாமியார் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினார். தூவென்று துப்பிய சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். எதிரில் மகள் நிற்பதையும் மறந்து கத்தினார்:

"என்ன மாப்ளே, இந்தத் தடவை தேனுக்குப் பதிலா என்னத்தைப் போட்டுத் தொலைச்சீங்க?"