நின்ற காரின் சூடு

"பேட்டரி சூடா இருக்குன்னு காட்டுதுடா! ராத்திரியெல்லாம் இந்த எலெக்ட்ரிக் கார் வீட்டுலதான் நின்னுச்சுன்னு இவ சாதிக்கிறா. சென்சார் கெட்டுப்போச்சா, இல்ல இவ எடுத்துட்டுப் போய் ஊர் சுத்திட்டு வந்தாளா? சென்சார் நல்லா இருந்துச்சுன்னா, இன்னைக்கு இவ தோலை உரிச்சிடுவேன்!"

வாய் ஓய்வதற்குள் கை நீண்டுவிட்டது. அந்தப் பாவி தன் மனைவியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஒர்க்‌ஷாப்பின் இரும்பு மேசையில் மோதினான். அவள் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

மெக்கானிக் கம்ப்யூட்டரைக் காரில் செருகிப் பார்த்தார். "ராத்திரி பூரா நின்ன கார்ல, பேட்டரியோட சூட்டை அளக்கிற நாலு சென்சாரும் ஒரே அளவு காட்டணும் சார். இதுல ஒண்ணு மட்டும் எகிறுது. சென்சார்தான் போச்சு."

"புதுக் கார்ல எப்படிடா போகும்? இவளுக்கு ஜால்ரா போடுறியா?"

பளாரென்று அறை விழுந்தது. அடுத்தது வயிற்றில் உதை. சுருண்டு விழுந்த மெக்கானிக் எழுந்து, மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"சரி, மாத்தித் தொலை. நான் ஆபீஸ் போறேன். ஏய், இங்கேயே உட்கார்ந்து, பழசையே மறுபடி மாட்டுறானான்னு பாரு!"

அவன் ஏறிய டாக்சி தெருமுனை திரும்பும்வரை மெக்கானிக் வாசலில் நின்று பார்த்தார். பிறகு கார் சாவியை அவள் கையில் வைத்தார்.

"நாலு சென்சாரும் ஒரே சூட்டைத்தான் காட்டுது தங்கச்சி. நாலும் சேர்ந்து கெட்டுப்போகாது. விடியறதுக்குள்ள எங்கே போயிட்டு வந்தே?"

"எங்கம்மா வீட்டு வாசல்வரைக்கும் போனேண்ணா. கதவைத் தட்டத் தைரியம் வரலை. திரும்பி வந்துட்டேன்."

"இப்போ போய்த் தட்டும்மா."