வழிஞ்சா கத்து

"நிறுத்தப் போறேன் வசு! சம்ப்பை மட்டும் பாரு. வழிஞ்சா உடனே கத்து!"

ஹாலிலிருந்து என் வீட்டுக்காரர் கௌதமன் குரல் கொடுத்தார். நான் பின் அறையில், கையில் ஒரு பழைய துண்டோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கும்பகோணத்தில் சம்ப் என்றால் வாசலில் மண்ணுக்கு அடியில் இருக்கும். இங்கே மயூர் விஹாரில், மூன்றாவது மாடியில், பின் அறைத் தரையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துவிட்டு அதற்குப் பெயர் சம்ப் என்கிறார் இவர். பெரிய தொட்டி ஹாலில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. அதில் பவளம் வளரப் போகிறதாம். யமுனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கடல் செய்கிறார் மனிதர்!

தொட்டித் தண்ணீர் சுவரைத் துளைத்து வரும் குழாய் வழியாக இந்த அறைக்கு இறங்கும். இங்கே அழுக்கைப் பிரித்ததும் மோட்டார் தண்ணீரை மறுபடி ஹாலுக்கு ஏற்றிவிடும். ஹாலில் ஒரு சத்தமும் இருக்காது, இரைச்சலெல்லாம் பின் அறையோடு போய்விடும் என்று பெருமை வேறு.

"சும்மா பூட்டிக் கிடக்கிற ரூம்தானே வசு" என்றார் ஆரம்பத்தில்.

அச்சா, அப்படியே ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். துளை போட வந்த பிளம்பர் பையா எந்தச் சுவர் என்று கேட்டபோது விரலை மட்டும் நீட்டினேன். அப்புறம் சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை நங்கென்று போட்டேன்.

மீனே இன்னும் வாங்கவில்லை. அதற்குள் மீனுக்கு இன்வர்ட்டர் வந்துவிட்டது. கரண்ட் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். டெல்லியில் இப்போதெல்லாம் கரண்ட் எங்கே போகிறது, இன்வர்ட்டரெல்லாம் தண்டச் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதர்தான். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொட்டியை ஒரே போடாகப் போட்டிருப்பேன்.

கரண்ட் போனால் தண்ணீர் வழியுமா என்று இன்று பரீட்சை. இன்வர்ட்டரையும் கழற்றிவிட்டு மோட்டாரை நிறுத்தினால், குழாயில் உள்ள தண்ணீரும் தொட்டியில் மேலாக உள்ள தண்ணீரும் சம்ப்புக்குத் திரும்பி வரும். அவ்வளவும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அறை முழுக்க உப்புத் தண்ணீர், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்.

மோட்டார் ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அழுக்கைப் பிரிக்கிற குழலில் குமிழிகள் களகளவென்று ஏறின.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ஹாலில் ஸ்விட்ச் டக்கென்றது. மோட்டார் நின்றது. குமிழிகளும் நின்றுவிட்டன.

நான் கத்தினேன்.

"கரண்ட் போயிடுச்சு! ஐயோ, யாராவது வாங்களேன்! கரண்ட் போயிடுச்சு!"

கௌதமன் வாளியும் மாப்புமாக ஓடி வந்தார். எவ்வளவு வழிந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்தார்.

தரை காய்ந்து கிடந்தது. தண்ணீர் சம்ப்பின் விளிம்புக்கு நான்கு விரல் கீழேயே, அவர் போட்ட கணக்குப்படி நின்றுவிட்டிருந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தேன். அங்கேதான் முன்பு மாதங்கியின் கட்டில் கிடந்தது.

கொரோனாவில் ஊரே மூச்சுக்கு அலைந்த அந்த ஏப்ரலில், எங்கள் மகளுக்காக இரவல் வாங்கிய ஆக்ஸிஜன் மெஷின் இதே சுவரோரம்தான் ஓடியது. ர்ர்ர் என்று. அதன் குப்பியிலும் தண்ணீர் களகளவென்றுதான் குமிழியிடும். கரண்ட் போன மத்தியானம் இவர் வீட்டில் இல்லை. சிலிண்டருக்காக எங்கோ வரிசையில் நின்றார். அதைத் தோளில் சுமந்து மாடியேறி வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

மெஷின் நின்ற பிறகுதான் அவளுடைய மூச்சு எனக்குத் தனியாகக் கேட்டது. அதை நான் இவரிடம் சொன்னதே இல்லை. இவரும் கேட்டதில்லை.

கௌதமன் வாளியைக் கீழே வைத்தார். காய்ந்த தரையைப் பார்த்தார், நின்றுபோன மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. ஹாலுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி களகளவென்று சத்தம் எழுந்தது.

என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ ஹாலுக்குப் போ வசு. நீ நிறுத்து. நான் இங்க இருக்கேன்."

"அதான் வழியலையே. எதுக்கு இன்னொரு தடவை?"

"அன்னிக்கு நான் இல்லையே" என்றார்.

எழுந்து போனேன். துண்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. ஸ்விட்சை அணைத்தேன்.

பின் அறையில் சத்தம் அடங்கியது. வழிகிறது என்றோ, வழியவில்லை என்றோ, போடு என்றோ அவர் குரல் வரவில்லை.

கேட்கட்டும் என்றுதான் நின்றேன். இத்தனை வருஷம் நான் ஒருத்தியாகக் கேட்டது போதும், இவரும் கேட்கட்டும்.

அப்புறம் எனக்கே மனசு கேட்கவில்லை. ஸ்விட்சைப் போட்டுவிட்டு அந்த அறைக்கு ஓடினேன்.